உலக நேரம் காட்டும் கைக்கடிகாரம்: வாங்கலாமா, வேண்டாமா?

“இப்போ அங்கே மணி என்ன இருக்கும்?” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இந்தக் கேள்வி கேட்காத தெரு இன்று குறைவு. ஒரு வீட்டில் மகள் டொராண்டோவில் இருக்கிறாள். அடுத்த வீட்டில் மருமகன் துபாயில். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே, அமெரிக்காவின் பகல் நேரத்துக்கு நம் இரவில் விழித்திருந்து வேலை செய்யும் அலுவலகங்களும் வந்துவிட்டன.

இப்படிப்பட்டவர்களுக்காகவே விற்கப்படுகிறது ‘வேர்ல்ட் டைம்’ வாட்ச். நானும் ஒன்று வாங்கினேன். அதனால் என் தங்கை மகனுக்கு ஒரு வேலை கை நழுவியது. தவறு வாட்சுடையது அல்ல, அதைப் புரிந்துகொள்ளாமல் கட்டியிருந்த என்னுடையது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ளவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வாட்சுக்குள் என்ன நடக்கிறது?

டிஜிட்டல் வாட்சின் உள்ளே வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அந்த அதிர்வுகளை எண்ணித்தான் வாட்ச் நேரத்தைக் கணக்கிடுகிறது. உண்மையில் அது ஓட்டுவது ஒரே ஒரு நேரத்தைத்தான். மற்ற நகரங்களுக்கு, ‘லண்டன் என்றால் பூஜ்யம், டெல்லி என்றால் ஐந்தரை, சிங்கப்பூர் என்றால் எட்டு’ என்று ஓர் அட்டவணை அதன் சிப்பில் பதிந்திருக்கும். நீங்கள் நகரத்தை மாற்றும்போது அந்த எண்ணைக் கூட்டிக் கழித்துக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

உலக வரைபடத்தோடு வரும் காசியோ ஏஇ1200 மாடலில் இப்படி 31 நேர மண்டலங்களும் 48 நகரங்களும் உள்ளன. பட்டியலில் சென்னையைத் தேடாதீர்கள். இந்தியாவுக்கு டெல்லிதான். நாடு முழுவதும் ஒரே நேரம் என்பதால் அதில் நமக்கு நஷ்டம் இல்லை.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. அதாவது ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சென்னை ஏறத்தாழ 80¼ டிகிரி கிழக்கில் இருப்பதால் நம் சொந்த நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வான் ஆய்வுக்கூடத்தை வைத்துக் கணக்கிட்ட இந்த ‘மெட்ராஸ் டைம்’தான் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்களின் நேரமாக இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் 82½ டிகிரியை அடிப்படையாகக் கொண்ட ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. நேரம் என்பது சூரியன் மட்டும் முடிவு செய்வதல்ல, அரசாங்கமும் முடிவு செய்வது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் என்ன கவர்ச்சி?

முதல் வசதி, கையைத் திருப்பினால் போதும். போனைத் தேட வேண்டாம், நெட் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலை இல்லை. ஒரு பேட்டரி பல வருடம் ஓடும். நடுராத்திரியில் பிள்ளையை எழுப்பிவிடாமல் போன் செய்ய இதைவிட எளிய சாதனம் இல்லை. சொல்லப்போனால், உலகப் படத்தையும் நான்கு ஊர் நேரத்தையும் மணிக்கட்டில் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. நான் வாங்கியதும் அதற்காகத்தான்.

முள் வைத்த வாட்சுகளிலும் இது உண்டு. ஜெனிவாவைச் சேர்ந்த லூயி கொத்தியே என்ற கைவினைஞர் 1931-ல் இதற்கான அமைப்பை உருவாக்கினார். டயலைச் சுற்றி 24 நகரங்களின் பெயர் கொண்ட வளையம், அதன் உள்ளே 24 மணி எண்கள் கொண்ட வளையம். ஒரே பார்வையில் 24 ஊர்களின் நேரமும் தெரியும்.

எங்கே இடிக்கிறது?

1. அரை மணிச் சிக்கல்: 24 ஊர் வளையத்தில் 5 மணிக்குக் கராச்சி, 6 மணிக்கு டாக்கா இருக்கும். நடுவில் உள்ள நம் ஐந்தரைக்குப் பெரும்பாலும் இடமே இருக்காது. ஐந்தே முக்கால் மணிக் கணக்கில் ஓடும் நேபாளத்துக்கும் இதே கதிதான். முள் வாட்ச் வாங்குபவர்கள் கடையிலேயே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கிழமைச் சிக்கல்: இங்கே திங்கள் காலை 6 மணி என்றால், கோடைக்காலத்தில் நியூஜெர்சியில் ஞாயிறு இரவு 8.30. மணியை மட்டும் காட்டி நாளைக் காட்டாத வாட்சை நம்பிப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னால் ஒரு நாள் முந்திவிடும்.

3. ரேடியோ சிக்னல்: தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்று சில வாட்சுகளை விலை கூட்டி விற்கிறார்கள். அதற்கான ஒலிபரப்பு நிலையங்கள் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான், சீனாவில் உள்ளன. சென்னைக்கு அந்த சிக்னல் எட்டாது.

4. கோடைக்கால நேரம்: என்னைக் கவிழ்த்தது இதுதான். பல நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. அமெரிக்காவிலும் டொராண்டோவிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. நம் நாட்டில் இந்த வழக்கம் இல்லாததால் நமக்கு இது நினைவிலேயே நிற்பதில்லை. சாதாரண வாட்சில் இதற்கு ‘டிஎஸ்டி’ என்று ஓர் ஆப்ஷன் இருக்கும். நாம்தான் பட்டனை அழுத்தி மாற்ற வேண்டும், தானாக மாறாது.

2025 ஏப்ரல் 2-ம் தேதி ஆவடியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு லண்டன் நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல். காலை 11 மணி, லண்டன் நேரம். “நம்ம நேரம் என்ன மாமா?” என்று கேட்டான். வாட்சைப் பார்த்து, “அஞ்சரை மணி வித்தியாசம். சாயந்திரம் நாலரைக்கு உட்காரு” என்றேன். அதற்கு முந்தைய ஞாயிறு, மார்ச் 30 அன்றே லண்டனில் கோடை நேரம் தொடங்கிவிட்டது. அன்று முதல் வித்தியாசம் நாலரை மணிதான். நான்கே காலுக்கு எல்லாம் தயார் செய்து உட்கார்ந்தவன், சிறிது நேரத்தில் போன் செய்தான். “மாமா, மூன்றரைக்கே உட்கார்ந்திருக்கணுமாம். வேற ஆளை எடுத்துட்டாங்களாம்.” எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மேஜை மேல் அவனுடைய புது கம்ப்யூட்டர் இருந்தது. சரியான நேரம் அதற்குத் தெரியும். நாங்கள் இருவருமே அதைக் கேட்கவில்லை.

5. அட்டவணை பழசாகும்: இலங்கை 1996 மே மாதம் தன் நேரத்தை ஆறரை மணிக் கணக்குக்கு மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக் கணக்கு. 2006 ஏப்ரலில் மறுபடி நம்முடைய ஐந்தரைக்கே திரும்பியது. அமெரிக்காவும் 2007-ல் கோடை நேரத் தேதிகளை மாற்றியது. அரசாங்கம் மாற்றினால், சிப்பில் பதிந்த அட்டவணை மாறாது.

கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

விண்டோஸில் எல்லா நாடுகளின் நேர விதிகளும் இருக்கின்றன. ஏதாவது நாடு விதியை மாற்றினால் விண்டோஸ் அப்டேட் மூலம் அதுவும் வந்து சேரும். உங்கள் கடிகாரத்தோடு மேலும் இரண்டு ஊர்க் கடிகாரங்களைச் சேர்க்கலாம். விஸ்டா காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு.

* டாஸ்க் பாரில் உள்ள தேடும் கட்டத்தில் ‘அடிஷனல் கிளாக்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். நேர மண்டலங்களுக்குக் கடிகாரம் சேர்க்கும் ஆப்ஷன் வரும். அதைக் கிளிக் செய்யுங்கள்.

* ‘ஷோ திஸ் கிளாக்’ என்ற கட்டத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்துங்கள்.

* கீழே உள்ள பட்டியலில் தேவையான ஊரைத் தேர்ந்தெடுத்து, ‘மகள் வீடு’ என்பது போல் ஒரு பெயர் கொடுத்து ஓகே அழுத்துங்கள்.

இனி டாஸ்க் பாரின் மூலையில் இருக்கும் நேரத்தின் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் மூன்று ஊர் நேரமும் தெரியும். கோடை நேரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பட்டியலில் நம் நேர மண்டலத்தைத் தேடிப் பாருங்கள். அங்கே முதலில் நிற்கும் பெயர் சென்னை!

முடிவாக...

உங்கள் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, துபாய், கொழும்பு போன்ற இடங்களில் இருந்தால் தாராளமாக வாட்ச் வாங்கலாம். அங்கெல்லாம் கோடை நேரம் கிடையாது. ஒரு முறை செட் செய்தால் போதும். செட் செய்யும்போது முதலில் சொந்த ஊராக டெல்லியைத் தேர்ந்தெடுங்கள், டிஎஸ்டி ஆஃப் என்று இருக்கிறதா எனப் பாருங்கள், அதன் பிறகு மணியை வையுங்கள். வரிசை மாறினால் எல்லா ஊர் நேரமும் தப்பாகிவிடும்.

லண்டன், டொராண்டோ, நியூஜெர்சி, சிட்னி என்றால் வருடத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும். மாற்றும் தேதிகளை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நான் இன்னும் அதே வாட்சைத்தான் கட்டியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளோடு பேச அது போதும். நேர்காணல், தேர்வு, விமானம் என்று மணி தவறினால் நஷ்டமாகும் எதற்கும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்காமல் யாருக்கும் நேரம் சொல்வதில்லை.