வழித்துணைக்கு வரும் நாய்

தருமர் கதை தெரியும் அல்லவா? கடைசிக் காலத்தில் அவர் மலையேறிப் போனார். ஒரு நாயும் கூடவே நடந்தது. தேரில் ஏற வேண்டுமானால் நாயை விட்டுவிட வேண்டும் என்று இந்திரன் சொன்னான். நாயை விட்டு வர மாட்டேன் என்றார் தருமர்.

அது கதை. உண்மையிலும் ஒன்று நடந்தது. 2019 அக்டோபர் 31 அன்று 13 ஐயப்ப பக்தர்கள் திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடந்தார்கள். வழியில் ஒரு தெரு நாய் சேர்ந்துகொண்டது. தாங்கள் சமைத்ததையே அதற்கும் கொடுத்தார்கள். கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டம் வரை சுமார் 480 கி.மீ. அது கூடவே வந்தது. வழியில் அதன் காலில் காயம் பட்டது. மருத்துவரிடம் காட்டினார்கள். அதன் பிறகும் அது அவர்களை விடவில்லை.

நாயின் குணம் இதுதான். வலித்தாலும் பின்னாலேயே வரும். "என்னால் முடியவில்லை" என்று சொல்லாது. எனவே நாம்தான் பார்த்து நிறுத்த வேண்டும்.

கோலார் தங்கவயலிலிருந்து கோடிலிங்கேசுவரர் கோயிலுக்கோ பேத்தமங்கலம் ஏரிக்கோ நடந்து போகிறோம். வீட்டுக் குட்டி நாயும் வாலை ஆட்டிக்கொண்டு புறப்படுகிறது. என்ன செய்யலாம்?

புறப்படும் முன்

நாம் ஓர் அடி வைத்தால் சின்ன நாய் பல அடி வைக்கும். எனவே முதல் நாளே நெடுந்தூரம் வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். எலும்பு முற்றாத குட்டியை நெடுந்தூரம் நடத்தக் கூடாது.

வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் போட வேண்டும்.

வெயில்

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படி வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணிக்கும். எனவே விடியற்காலையில் புறப்படுங்கள். உச்சி வெயிலில் நிழலில் தங்குங்கள்.

தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம்கூட வைக்க முடியவில்லையா? நாயின் பாதமும் அங்கே வெந்துபோகும். அதைத் தூக்கிக்கொள்ளுங்கள். தோளில் மாட்டும் துணிப் பை இருந்தால் நல்லது. நாயின் தலை வெளியே இருக்கட்டும்.

அதிகமாக எச்சில் வடிகிறதா? தள்ளாடுகிறதா? உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். பிறகு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கொட்டாங்கச்சியும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிக்கும்போதெல்லாம் அதற்கும் ஊற்றுங்கள்.

தங்கவயலில் ஒன்றை மறக்கக் கூடாது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. ஆனால் சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன. பாறையை அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மண்தான் இந்த மேடுகள். அந்த மண்ணில் நச்சுப் பொருள்கள் உண்டு. மேட்டு அடிவாரத்தில் தேங்கும் மழைத் தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள். அந்த மண் காலில் பட்டால் கழுவிவிடுங்கள். நாய் பாதத்தை நக்கும். மண் வயிற்றுக்குள் போய்விடும்.

வெங்காயம் நாய்க்கு ஆகாது. திராட்சையும் சாக்லேட்டும் ஆகாது. நாம் கட்டிக்கொண்டு போகும் சாம்பார் சாதத்தில் வெங்காயம் இருக்கும். அதற்குத் தனியாகத் தயிர் சோறு கட்டுங்கள்.

கயிறு வேண்டும்

கழுத்துப் பட்டையும் கயிறும் கட்டாயம் வேண்டும். வழியில் லாரி வரும். தெரு நாய்கள் துரத்தும். பழைய சுரங்கக் குழிகளும் இருக்கும்.

எந்த நாயாவது ஒருவரைக் கடித்துவிட்டால் காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

வீடு திரும்பியதும்

பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். முள் இருக்கிறதா? வெடிப்பு இருக்கிறதா? காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருக்கும்.

தருமர் தன்னை நம்பி வந்த நாயைக் கைவிடவில்லை. நம் நாயும் நம்மை நம்பித்தான் வாசலைத் தாண்டுகிறது. நாளைய நடை அதற்கு முடியுமா? முடியாது என்று தோன்றினால், வீட்டிலேயே விட்டுப் போவதும் அன்புதான்.