கசப்புக் கொழுக்கட்டை யாருக்கு?

சித்திரை முதல் நாளன்று மாங்காய்ப் பச்சடி பரிமாறாத இல்லம் நம்மிடையே அரிது. கதிரவன் மேஷ ராசியில் புகும் அந்நன்னாளில் மாங்காயின் புளிப்பும், வெல்லத்தின் இனிப்பும், வேப்பம்பூவின் கைப்பும் ஒரே கரண்டியில் இலைக்கு வந்து சேர்கின்றன. மா காய்ப்பதும் வேம்பு பூப்பதும் இந்த இளவேனிற் பருவத்தில்தான். கைக்கெட்டும் தொலைவில் கிடைத்தவற்றைக் கொண்டே முன்னோர் ஆண்டுப் பிறப்பின் உணவை அமைத்துவிட்டனர்.

ஆனால் இதையெல்லாம் எடுத்துரைத்துப் பேரக்குழந்தைகளை உண்ணச் செய்வது எளிதா? மூன்றாண்டுகளுக்கு முன், நெல்லையில் உள்ள எங்கள் இல்லத்திற்கு விடுமுறைக்கு வந்திருந்த ஒன்பது வயதுப் பேரன், பச்சடியை நாவில் வைத்த கணமே கொல்லைப்புறம் ஓடித் துப்பிவிட்டான்.

"அடுத்த வருஷம் பூவைப் போடாமல் செய்துவிடலாமே அத்தை, பிள்ளைகள் சாப்பிடுவார்கள்" என்றாள் மருமகள்.

அவள் சொன்னதில் குற்றமில்லை. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மாமியார் பங்குனிக் காலையில் வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டியை விரித்து வைத்து, உதிர்ந்த பூவைச் சேர்த்து நிழலில் உலர்த்துவார். பச்சடியிலிருந்து பூ நீங்கிவிட்டால் அந்த வேட்டியை இனி விரிப்பார் யார்?

மறு ஆண்டு பச்சடியோடு ஒரு விளையாட்டையும் சேர்த்தேன். இரண்டு ஆழாக்கு அரிசி மாவில், கொதிநீரும் சிறிது உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கிளறி, சிறு கொழுக்கட்டைகள் 21 பிடித்தோம். இருபதில் தேங்காயும் வெல்லமும் ஏலமும் சேர்ந்த பூரணம். எஞ்சிய ஒன்றில் அதே பூரணத்தோடு, நெய்யில் கருகாமல் வறுத்த வேப்பம்பூ ஒரு சிட்டிகை. மேல்மாவு ஒன்றே ஆதலால் புறத்தோற்றத்தில் எவ்வேறுபாடும் தெரியாது. ஆவியில் வெந்தபின் பேத்தி தட்டைச் சுழற்றிக் கலைத்துவிட்டாள். அதன்பின் எனக்கே அடையாளம் தெரியவில்லை. காசு, முந்திரி எனக் கடினமானவற்றை ஒளித்து வைக்கலாகாது. குழந்தைகளின் தொண்டைக்கும் ஆகாது. நம் போன்றோரின் பல்லுக்கும் ஆகாது!

கைப்பான பண்டத்தை இறைவனுக்குப் படைக்கலாமா என்று என் கணவர் ஐயுற்றார். பச்சடியில் அதே பூவைத்தானே ஆண்டுதோறும் நிவேதிக்கிறோம் என்றேன். நிவேதனம் ஆகும்வரை ஒருவரும் சுவைபார்க்கக் கூடாது என்ற நியதி மட்டும் சற்றும் தளரவில்லை. குழந்தைகள் பூசையறை வாயிலில் அத்தனை அமைதியாக அமர்ந்திருந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

விளையாட்டின் விதி இதுதான்: கைப்பு வந்தவர் முகம் சுளிக்காமல் விழுங்கிவிட வேண்டும். அவர் யாரென மற்றவர்கள் கண்டறிய வேண்டும். அகப்படாமல் தப்பினால், காலையில் கனி கண்டபின் பெற்ற கைநீட்டத்தோடு, தாத்தாவிடமிருந்து இன்னொன்றும் உண்டு. எல்லோர் முகத்தையும் உற்று நோக்கிய பேரன், "தாத்தாவுக்குத்தான்!" என்று உறுதியாகக் கூறினான். அவரோ இயல்பிலேயே கடுத்த முகத்தினர். பாவம், அவருக்கு வந்தது இனிப்பு. தட்டு காலியான பின்னரே மருமகள் மெல்லச் சிரித்தாள். பூவே வேண்டாம் என்றவளுக்குத்தான் அது வாய்த்திருந்தது!

தனக்கு வரவில்லையே என்று பேரனுக்குப் பெரும் ஏமாற்றம். "அது எப்படித்தான் இருக்கும்?" என்று பச்சடியிலிருந்து ஒரு பூவைத் தேடி எடுத்து வாயிலிட்டுக் கொண்டான். முகம் கோணியது, ஆனால் இம்முறை எழுந்து ஓடவில்லை.

சர்க்கரை நோயுள்ளவர் பாதிக் கொழுக்கட்டையோடு நிறுத்திக் கொள்ளலாம். கைப்பு அந்தப் பாதியில் இல்லாதிருக்கலாம், அவ்வளவே.

சென்ற வாரம் பேரன் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரிப்பான் என எண்ணினேன். "ஆச்சி, வேப்பம்பூ காயப் போட்டாச்சா? இந்த வருஷம் ரெண்டு கொழுக்கட்டையில் வை" என்றான்.