12.05க்கு நின்ற கடிகாரம்

மாணவர்களே, பாதி உருகிய சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். அதன் முட்கள் 12 மணி 5 நிமிடத்தில் ஒட்டி நிற்கின்றன. 2010 நவம்பர் 5 நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், இந்தோனேசியாவின் மெராப்பி எரிமலை மிகக் கடுமையாக வெடித்த நேரம் அது.

யோக்யாகர்த்தா நகருக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் மெராப்பி இருக்கிறது. மலாய் மொழியில் 'அப்பி' என்றால் நெருப்பு. மலையின் பெயரிலேயே அது இருப்பதைக் கவனித்தீர்களா? மலையும் அதைச் சுற்றியுள்ள காடும் 2004இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தென்சரிவில் உள்ள ஒரு கிராமத்தில் 'சிசா ஹர்த்தாக்கு' அருங்காட்சியகம் இருக்கிறது. 'எஞ்சிய என் சொத்து' என்பது அதன் பொருள். எரிமலை அழித்த தம் வீட்டையே உரிமையாளர் காட்சிக்கூடமாக்கினார். அந்தக் கடிகாரம் அங்கேதான் இருக்கிறது.

மலை ஏன் வெடிக்கிறது?

ஜாவாவுக்குத் தெற்கே, கடலடித் தட்டு ஒன்று தீவின் அடியில் மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. அது ஆழத்தில் வெளியிடும் நீர், மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அதனால் பாறைக்குழம்பு உருவாகி மேலே எழுகிறது. மெராப்பியின் குழம்பு பிசுபிசுப்பு மிகுந்தது. அது ஆறுபோல் ஓடாமல் உச்சியிலேயே குவிந்து குன்றுபோல் வளரும். அந்தக் குன்று சரிந்தாலோ உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தால் வெடித்தாலோ, சாம்பலும் கல்லும் சூடான வாயுவும் கலந்த முகில் சரிவில் பாய்ந்து இறங்கும். அதன் வெப்பம் பொதுவாக 200 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் வரும் அதனிடமிருந்து ஓடித் தப்ப முடியாது. சுருண்டு புரளும் அந்த முகிலைச் 'சடை ஆடு' என்று பொருள்படும் ஜாவானியச் சொல்லால் ஊர் மக்கள் அழைக்கிறார்கள். 2010இல் அது கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக உச்சியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வரை வந்தது.

பொருள்களே வெப்பமானிகள்

அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் பொருள்கள் உருகிக் கிடக்கின்றன. மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டமோ அப்படியே நிற்கிறது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் பிளாஸ்டிக் வகைகள் பல 110 முதல் 260 டிகிரிக்குள் உருகிவிடும். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஆகவே அந்த வீடு கண்ட வெப்பம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது என்று நீங்களே சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: முகில் கடந்த பிறகு வீடு தீப்பற்றியிருந்தால், அந்தத் தீயும் சில பொருள்களை உருக்கியிருக்கும். சான்றைப் படிக்கும்போது வேறு காரணம் உண்டா என்றும் கேட்பதுதான் அறிவியல்.

எச்சரிக்கை காத்த உயிர்கள்

வெடிப்புக்கு முந்திய வாரங்களில் நிலநடுக்கங்கள் பெருகின. மலையின் உச்சி உப்பியது. வெளிவரும் வாயுக்களின் அளவு கூடியது. இவற்றை அளந்த அறிவியலாளர்கள் அக்டோபர் 25இல் மிக உயர்ந்த எச்சரிக்கையை விடுத்தனர். மறுநாளே முதல் வெடிப்பு நிகழ்ந்தது. பின்னர் உச்சியில் குழம்புக் குன்று வேகமாக வளர்வதைத் துணைக்கோள் படங்கள் காட்டின. 10 கிலோமீட்டராக இருந்த ஆபத்து வளையம் 15 ஆகவும், நவம்பர் 5இல் 20 ஆகவும் விரிந்தது. இலட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர்.

இருந்தும் 350க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையின் பாரம்பரியக் காவலரான ம்பா மரிஜான், வெளியேற மறுத்துத் தம் கிராமத்திலேயே உயிரிழந்தார். ஆனால் அந்த எச்சரிக்கைகளால் 10,000 முதல் 20,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

யோக்யாகர்த்தா செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் இந்த அருங்காட்சியகத்தைப் பாருங்கள். எச்சரிக்கை நிலை உயர்ந்திருக்கும்போது மலைமேல் ஏற அனுமதி கிடையாது, அதை மதியுங்கள். உருகிய பொருள்களின் முன் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: சரியான நேரத்தில் அவற்றை விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள்தாம் பிழைத்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்: அலுமினியத்தின் உருகுநிலை 660 டிகிரி. அந்த வீட்டில் உருகாத அலுமினியப் பானை ஒன்று கிடைத்திருந்தால், வெப்பத்தைப் பற்றி வேறு என்ன முடிவுக்கு வருவீர்கள்?