12.5 மில்லிமீட்டரும் 10 நானோமீட்டரும்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படம் வெளியாகும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆடியை எப்படித் திருத்துகிறார்கள்? 'நானோ தொழில்நுட்ப அதிசயம்' என்று பரபரப்புத் தலைப்புகள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உண்மையில் அங்கே இருப்பவை சிறு மோட்டார், பல்சக்கரங்கள், திருகு, வளையும் உலோகம். அதிசயம் அவற்றை இணைத்த விதத்தில்தான்.

6.5 மீட்டர் ஆடி 18 துண்டுகளால் ஆனது. துண்டுக்கு 7 இயக்கிகள், இரண்டாம் ஆடிக்கு 6, மொத்தம் 132. ஏவும்போது அதிராமலிருக்கத் துண்டுகளை உள்ளே ஒடுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து 12.5 மில்லிமீட்டர் வெளியே தள்ள வேண்டும். பிறகு அதே இயக்கி சுமார் 10 நானோமீட்டர் அளவில் நகர்த்த வேண்டும். பெரிய வேலைக்கும் சிறிய வேலைக்கும் இடையே பன்னிரண்டரை லட்சம் மடங்கு! இரண்டுக்கும் ஒரே மோட்டார்.

இயக்கியை வடிவமைத்த பால் ஏரோஸ்பேஸ் (Ball Aerospace) நிறுவனப் பொறியாளர்கள், இதற்காக மோட்டாரையும் பெருநகர்வுத் திருகையும் சேர்க்கும் இணைப்பில் வேண்டுமென்றே ஒரு தளர்வு வைத்தார்கள். மரக்கட்டையில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாடுதான் மோட்டார், கட்டைதான் பெருநகர்வுத் திருகு. கயிறு விறைத்தபின் மாடு நடந்தால் கட்டை இழுபடும். திரும்பி நடந்தால் கயிறு தொய்யும்; மறுபக்கம் விறைக்கும்வரை கட்டை அசையாது. ஆனால் கழுத்து மணி, மாடு எந்த அடி வைத்தாலும் ஆடும். மோட்டாரோடு நேரே பிணைந்த, மையம் விலகிய வட்டுதான் அந்த மணி. கட்டையை வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கயிறு தொய்ந்த இடைவெளியில் மணியை மட்டும் ஆட்டுவதுதான் நுண்நகர்வு.

அந்த வட்டின் அசைவும் நானோமீட்டருக்கு மிகப் பெரிது. அதை ஒரு வளைசட்டம் வாங்கிச் சுருக்கித் தருகிறது. உலோகத்தில் மெலிதாக விடப்பட்ட இடங்கள் கீல்போல் வளையும். அங்கே எதுவும் எதன்மீதும் உரசுவதில்லை. ஆகவே ஒட்டி நின்று திடீரென வழுக்கும் தொல்லையும் இல்லை, மைனஸ் 200 டிகிரிக்கும் கீழான குளிரில் உறையும் எண்ணெயும் தேவையில்லை.

வளையும் கீல் புதிதல்ல. பழைய கடிகாரங்களின் ஊசல் மெல்லிய எஃகுப் பட்டையில்தான் தொங்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

2022 ஜனவரியில் துண்டுகளை வெளியே தள்ளியபோது, ஒரு நேரத்தில் ஓர் இயக்கி மட்டுமே இயங்கியது. வெப்பம் கூடாமலிருக்க அதுவும் சிறிது நேரமே. எல்லாத் துண்டுகளும் ஒரு மில்லிமீட்டர் நகர ஏறக்குறைய ஒரு நாள் ஆனது. மார்ச்சில் 18 துண்டுகளும் ஒரே ஆடியாகச் செயல்பட்டன. மே மாதம் ஒரு நுண்விண்கல் ஒரு துண்டைத் தாக்கியது. பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆனால் அந்தத் துண்டின் நிலையைத் திருத்தி, சிதைவின் ஒரு பகுதியை ஈடுசெய்தார்கள். தளர்வு என்றாலே குறை என்று வடிவமைப்பாளர்கள் ஒதுக்கும் ஒன்று, அங்கே இன்றும் வேலை செய்கிறது. இயந்திரவியல் மாணவர்கள் இந்த இயக்கியை ஒருமுறையாவது வரைந்து பார்க்க வேண்டும்.