தளரும் திருகு, உயிர் காக்கும் எர்த்

ஃபெண்டர் நிறுவனம் 1963இல் வெளியிட்ட டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில், இரும்புச் சேஸிஸ் மேல்பலகையில் நான்கு போல்ட்டுகளில் தொங்குகிறது. ஸ்பீக்கர் அதிர்வில் இத்தகைய பழைய ஆம்ப்களின் போல்ட், திருகுகள் நாளடைவில் தளரும்.

கடகடவென்ற சத்தம் மட்டுமே பிரச்சினை இல்லை. அப்போது எர்த் இல்லாத இருமுனை பிளக்தான். பின்னாளில் மூன்று முனை பிளக்குக்கு மாற்றியவர்கள் பலர், எர்த் வயரை டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டிலேயே மாட்டினார்கள். அது தளர்ந்து, உள்ளே மின்கசிவும் ஏற்பட்டால், சேஸிஸோடு இணைந்த கிட்டார் கம்பியிலும் மின்சாரம் பாயும்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேலும் தங்கியிருக்கலாம். அதை இறக்கி, மீட்டரில் சரிபார்த்த பிறகே கை வையுங்கள். பழக்கமில்லாதவர்கள் டெக்னீஷியனிடம் கொடுப்பதே நல்லது.

மரை நன்றாக இருந்தால் பல் வாஷர் போட்டு இறுக்கினால் போதும். தேய்ந்திருந்தால் நட்டை மாற்றுங்கள். அமெரிக்க ஆம்ப்களில் இருப்பது அங்குல மரை. மில்லிமீட்டர் திருகைத் திணித்தால் நல்ல மரையும் கெடும். எர்த் வயருக்குத் தனி போல்ட் போடுங்கள்.