‘ஆக்டிவேட்டர்’ கேட்கும் முதல் அனுமதி

மடிக்கணினியைச் சரிசெய்யக் கொடுத்தால், விண்டோஸ், ஆபிஸ், ஃபோட்டோஷாப், தமிழ் எழுத்துரு என எல்லாவற்றையும் ‘போட்டு’ நானூறோ ஐநூறோ வாங்கிக்கொண்டு தருவது நமக்குப் பழகிப்போன வழக்கம். அந்தப் பணம் நிறுவியதற்கான கூலி மட்டுமே. மென்பொருளுக்கு உரியவருக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. பயிற்சிகளில் நான் சந்திக்கும் ஆசிரியர்கள் பலருக்கும் இது தெரியும். அவர்கள் கேட்பது வேறு: “நன்றாகத்தானே ஓடுகிறது, நமக்கு என்ன ஆகிவிடப் போகிறது சார்?”

நியாயமான கேள்விதான். உரிமம் தேவைப்படும் மென்பொருள், தனக்குத் தரப்பட்ட குறியீடு சரியானதா என்று சோதித்துக்கொள்ளும். ‘கிராக்’ அந்தச் சோதனை நடக்கும் இடத்தையே மாற்றி எழுதுகிறது. ‘ஆக்டிவேட்டர்’ சோதனைக்குப் போலிப் பதில் தந்து ஏமாற்றுகிறது. இவை வேலை செய்யக் கணினியின் முழு அதிகாரமும் தேவை. அதனால்தான் இவற்றுடன் வரும் குறிப்பு, முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறது. முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை, காவலை விலக்கிவிட்டு நாமே உள்ளே அழைக்கிறோம். அது உரிமச் சோதனையை மட்டும்தான் மாற்றியதா, வேறு எதையும் செய்ததா என்று பார்க்க நம்மிடம் வழியில்லை.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘ரான்சம்வேர்’களில் ஸ்டாப் என்ற வகை 2018 முதல் பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகவே பரவியது. அது கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி! எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர், படங்களைத் திருத்தும் மென்பொருள் ஒன்றை இப்படி நிறுவினார். இரண்டே நாளில் மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், மகளின் திருமணப் படங்கள் என எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. வினாத்தாளை மறுபடி தட்டச்சு செய்துவிட்டார். படங்கள் போனவை போனவைதான்.

சத்தமே இல்லாமல் வேலை செய்பவை இதைவிட மோசம் என்பேன். உலாவியில் நாம் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களை அவை அள்ளிக்கொண்டு போகும். எமிஸ் தளத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லும் அதில் இருந்தால், நம் மாணவர்களின் முகவரியும் பெற்றோரின் அலைபேசி எண்ணும் யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. களவு நகல் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று பலர் தானியங்கி மேம்படுத்தலை நிறுத்திவைக்கிறார்கள். 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கிய வானாக்ரை, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் போய்ச் சேராத கணினிகள் மாட்டிக்கொண்டன.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்றே வகைப்படுத்துகிறது, தமிழாசிரியர்கள் ரசிக்கலாம்! களவு நகல் என அறிந்தே பயன்படுத்தினால், பிரிவு 63பி-யின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வணிக நோக்கம் இல்லையெனில் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்கலாம். ‘பள்ளிக்காகத்தானே’ என்பது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றமில்லை என்றாக்காது.

காசில்லாத பள்ளி என்ன செய்யும்? நம் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலே ஓபன் ஆபிஸைத்தான் கற்பிக்கிறது. கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில் இயங்குகின்றன. படங்களுக்கு கிம்ப், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள்: எதற்கும் கட்டணமில்லை, எத்தனை கணினியிலும் நிறுவலாம். அவரவர் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

மாறும்போது சிறு தொல்லைகள் உண்டு. லிப்ரே ஆபிஸில் செய்த வினாத்தாளை வேறு கணினியில் வேர்டில் திறந்தால் அட்டவணைக் கோடுகளும் பக்கப் பிரிப்பும் சற்று நகரலாம். அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளை மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்க வேண்டியிருக்கும்.