தோளும் தாளும்

மலைத்தொடர்களை மிகக் குறைந்த காலத்தில் காலால் கடந்து முடிப்பது இன்று உலகெங்கும் பரவிவரும் ஒரு வீர விளையாட்டு. இதற்கு மைதானம் கிடையாது. கொடி அசைப்பவர் கிடையாது. பரிசுக் கோப்பையும் அநேகமாய்க் கிடையாது. புறப்பட்ட நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, முன்னே நடந்தவரைவிட எவ்வளவு காலம் குறைத்தோம் என்று கணக்குப் பார்ப்பதுதான் பந்தயம். "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நமது நீலகிரியின் பழைய கதையைச் சற்று நினைவுகூர்ந்தால், இந்த விளையாட்டில் பெரியதொரு நியாயம் அடங்கியிருப்பது புலப்படும்.

1834ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மெக்காலே சென்னையில் வந்து இறங்கினார். அச்சமயம் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உடல்நலம் கருதி உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். அவரைச் சந்திப்பதற்காக மெக்காலே பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வழியாக நீலகிரிக்குப் போனார். அந்தச் சுமார் 400 மைல் பிரயாணமும் மனிதர்களின் தோள்மேல் நடந்தது. பல்லக்கிலே படுத்துக்கொண்டு மலையேறிய அவருடைய பெயரைச் சரித்திரம் அறியும். மறு வருஷமே நம் பிள்ளைகள் எந்தப் பாஷையில் படிக்கவேண்டும் என்பதற்கு அவர் எழுதிய குறிப்பையும் அறியும். ஆனால் அவரைச் சுமந்து ஏறியவர்களில் ஒருவருடைய பெயரையாவது நாம் அறிவோமா? அந்த வேகம் அவர்களுடையது. பெயர் மட்டும் அவருடையது.

மலையைக் "கண்டுபிடித்த" கதையும் இத்தகையதே. 1603இல் மலையாளக் கரையிலிருந்து பாதிரி பெனீசியோ ஏறிவந்தபோது தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டு இங்கே இருந்தார்கள். 1819இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தபோதும் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் யாவரும் இருந்தார்கள். வெள்ளையர் கால் வைப்பதற்கு முன்பே ஒற்றையடிப் பாதைகள் மலையெங்கும் பின்னிக் கிடந்தன. அவற்றில் யார் எவ்வளவு விரைவாய் நடந்தார் என்று எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

பிறகு ரெயில் வந்தது. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகமண்டலம் வரையிலும் பாதை நீண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,880 மீட்டர் உயரம் ஏறவேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயருகின்ற இடங்களும் உண்டு. பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவேயுள்ள பல்லைப் பற்றிப் பற்றி ஏற, வண்டி மேலே போய்ச் சேரச் சுமார் ஐந்து மணி நேரமாகிறது. "இதைவிட ஓடியே போய்விடலாமே!" என்று நம் வீட்டுச் சிறுவர்கள் பரிகாசம் செய்வதுண்டு. தாராளமாய் ஓடிப் பார்க்கட்டும்! முதல் மூன்று மைல் ஏறியதும் பரிகாசத்துக்கு மூச்சு மிஞ்சாது.

இனி, புதிய விளையாட்டுக்கு வருவோம். இதற்கு உதாரணமாகச் சொல்லத் தக்கது அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை. நீளம் சுமார் 2,190 மைல். 1948இல் ஏர்ல் ஷாஃபர் என்பவர் அதனை ஒரே யாத்திரையாக 124 நாளில் நடந்து முடித்தார். 2011இல் ஜெனிபர் ஃபார் டேவிஸ் என்ற பெண்மணி 46 நாள் 11 மணி 20 நிமிஷத்தில் முடித்தார். 2024இல் டாரா டவர் என்ற மற்றொரு பெண்மணி 40 நாள் 18 மணி 6 நிமிஷமாகக் குறைத்தார். நாளொன்றுக்குச் சராசரி 54 மைல்! இவ்விருவரும் பெண்களுக்குள் மட்டும் முதலானவர்கள் அல்லர். அந்தந்தச் சமயத்தில் ஆண்களின் கணக்கையும் முறியடித்து முன்நின்றவர்கள். பெண்ணின் பொறுமைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமோ?

இந்த விளையாட்டின் நேர்மை அதன் விதிகளில் இருக்கிறது. சாதனைகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதுகிறார்கள். வழியெல்லாம் துணைவர்கள் உணவும் உடையும் தந்து உதவியது ஒருவகை. வழியிலுள்ள கடையிலும் தபாலாபீஸிலும் வேண்டியதைத் தாமே பெற்றுக்கொண்டது மற்றொருவகை. ஓடைத் தண்ணீரைத் தவிர யாவற்றையும் முதலிலிருந்தே தம் முதுகில் சுமந்து சென்றது மூன்றாம்வகை. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை. பிறர் தோள் எவ்வளவு, தன் தாள் எவ்வளவு என்பது ஏட்டில் ஏறிவிடுகிறது. மெக்காலே காலத்தில் இந்த விதி இருந்திருக்குமானால்!

இமயமலையிலும் காலம் மாறியிருக்கிறது. எவரெஸ்டில் வெகுகாலம் பிறர் மூட்டையைச் சுமந்து வந்த ஷெர்ப்பா ஜாதியார், தங்கள் பெயராலேயே ஓட்டத்தைத் தொடங்கினர். அடிவாரக் கூடாரத்திலிருந்து சிகரம் வரை 1998இல் காஜி ஷெர்ப்பா 20 மணி 24 நிமிஷத்தில் ஏறினார். 2000இல் பாபு சிரி ஷெர்ப்பா 16 மணி 56 நிமிஷத்தில் ஏறினார். சுமந்த தோளுக்கே புகழும் சேர்ந்தது.

நீலகிரியிலும் இப்படி ஓடிப் பார்க்கலாமா என்று வாலிபர்கள் ஆசைப்படலாம். ஆனால் நமது மலை வெறும் பந்தயப் பாதையன்று. யானையும் புலியும் வரையாடும் குடியிருக்கும் வீடு. காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டவிரோதம். 2018ஆம் ஆண்டு மார்ச்சில் தேனி ஜில்லாக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீக்கு இரையான துயரத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை முறைப்படி திறந்தது. அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து முக்கூர்த்தி முதலியவை நீலகிரிப் பாதைகள். காட்டையடுத்த ஊர்களையும் பழங்குடிகளையும் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டுகிறார்கள். அங்கே வேகம் வழிகாட்டியின் சொல்லுக்கு அடங்கியதாகவே இருக்கவேண்டும்.

ஆகவே விடுமுறையில் நீலகிரிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான். எத்தனை மைல் நடந்தோம், எத்தனை மணியில் நடந்தோம் என்று குழந்தைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும், நல்ல பழக்கமே. அதற்குக் கீழே, வழிகாட்டி வந்தவரின் பெயரையும் கேட்டு எழுதட்டும். 1834இல் விட்டுப்போன வரி அது.